ஏழாம் கட்டில், ஏழாம் நாள்

"பையனா பொண்ணான்னுகூடத் தெரியலைங்க. ஆனா நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள கண்டுபிடிச்சாகணும்" என்றார் பிரேமலதா.

நாற்காலியைக் காட்டிய பிறகும் அவர் உட்காரவில்லை. கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றார். வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேலே இருந்தது அந்தச் சின்ன அலுவலகம். கீழே டோக்கன் எண்களைக் கூப்பிடும் குரல் மாடிவரை கேட்டது.

வத்ஸலா எதிரே அமைதியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. இருபத்து மூன்று வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மருத்துவ ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்தவர். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். பக்கத்து மேஜையில் பிராங்க்ளின். பன்னிரண்டு வருடம் மெடிக்கல் ரெப்பாகத் திருச்சியின் எல்லா மருந்துக்கடைப் படிகளையும் ஏறி இறங்கிவிட்டு, "துப்பறியறதுன்னா இன்ட்ரஸ்ட் மேடம்" என்று வந்து சேர்ந்தவன். அதற்குள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவையும் எடுத்துவிட்டான்.

"முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க" என்றார் வத்ஸலா.

பிரேமலதா குடித்தார். தம்ளர் பல்லில் பட்டுச் சத்தம் போட்டது.

"ஸ்ரீரங்கத்துல ஒரு நர்சிங் காலேஜ்ல டியூட்டரா இருக்கேன். ஆஸ்பத்திரியும் அதே காம்பவுண்டுதான். நான் இங்க வந்தது பிரின்சிபாலுக்குத் தெரியாது. நேத்து சாயந்திரம் பசங்களோட ஆலோசனைப் பெட்டியில இது கிடந்துச்சு."

மடித்த வெள்ளைக் காகிதம் ஒன்றை நீட்டினார். நீல மையில், அவசரம் இல்லாத கையெழுத்தில் எழுதியிருந்தது:

'போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டயாலிசிஸ் வார்டு ஏழாம் கட்டிலில் பயன்படுத்திய ஊசி எங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்குக் குத்திவிட்டது. அவருடைய எதிர்ப்புச் சக்தி அட்டை உண்மை இல்லை. பெயரைச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். தயவுசெய்து கண்டுபிடியுங்கள். ஏழு நாளுக்குள்.'

"ஏழாம் கட்டில்ல யாரு?"

"ஹெபடைட்டிஸ் பி இருக்கிற ஒரு நோயாளி. அவருக்குன்னு தனி ரூம், தனி மெஷின்." பிரேமலதா இப்போதுதான் உட்கார்ந்தார். "கல்லீரலைப் பிடிக்கிற வைரஸ். ஊசி குத்தினா ரத்தத்தோட போயிடும். அதனாலதான் எங்க பசங்களுக்கு வார்டுக்குப் போறதுக்கு முன்னாடியே மூணு டோஸ் தடுப்பூசி. அதோட விடாம, ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி வந்திருக்கான்னு ஒரு டெஸ்ட். பத்துக்கு மேல இருந்தா அட்டை கொடுப்போம். அட்டை இருந்தாத்தான் வார்டு."

"பத்துக்குக் கீழ இருக்கிறவங்களுக்குக் குத்திட்டா?"

"இம்யூனோகுளோபுலின்னு ஒரு ஊசி போடணும். தயாரா இருக்கிற எதிர்ப்புச் சக்தியை அப்படியே உள்ளே ஏத்துறது. ஒரே நாள்ல போட்டுட்டா நல்லது. ஏழு நாள் தாண்டிட்டா போட்டும் பிரயோஜனமில்லைங்க."

பிராங்க்ளின் விரல்விட்டு எண்ணினான். "வெள்ளிக்கிழமை பத்து மணி... நாளைக்குப் பத்து மணியோட ஏழு."

கீழே ஐம்பத்து நாலாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

"அன்னைக்கு அந்த வார்டுல டூட்டி பார்த்த எட்டுப் பேரையும் நேத்தே கூப்பிட்டுக் கேட்டேன். கெஞ்சினேன்னே வச்சுக்குங்க. எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு எட்டுப் பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்து எங்க லேப்ல கொடுத்தோம். பதினோரு மணிக்கு ரிசல்ட் வந்துச்சு. எல்லாருக்குமே பத்துக்கு மேல. பிரின்சிபால் இன்னாசிராஜ் சார், 'யாரோ விளையாடுறாங்க, வேலையைப் பாருங்க'ன்னுட்டார்."

"நீங்க ஏன் வேலையைப் பார்க்கலை?"

"அந்த அட்டையெல்லாம் என் கையெழுத்துங்க." பிரேமலதா காகிதத்தை விரலால் தட்டினார். "விளையாடுற பிள்ளை சத்தியத்தைப் பத்தி எழுதுமா?"

பிராங்க்ளின் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "மேடம், இது கிளவுஸ் பாக்கெட்டுக்குள்ள வர்ற காகிதம். ஓரத்துல சைஸ் போட்டிருக்கு. ஏழரை. பெரிய கை. எழுதினது பையன்தான்."

"இல்லைன்னா, பையன் பிரிச்சுப் போட்ட காகிதத்தைப் பொறுக்கின பொண்ணு" என்றார் வத்ஸலா. அவன் முகம் வாடியதைப் பார்த்து, "ஆனா நல்ல கண்ணுதான். மனசுல வச்சுக்குவோம்" என்றார். "ரெண்டு ரிசல்ட்டும் இருக்குங்களா?"

பிரேமலதா இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். நான்கு மாதத்துக்கு முந்தைய தாளில் சுப்ரஜா 980, தஸ்லிமா 690, கயல் 237, யாழினி 86, மதுரைவீரன் 154, ஸ்ரீவத்ஸ் 58, வளவன் 412, பூவரசன் 409. இன்றைய தாளில் அதே வரிசையில் 905, 515, 180, 61, 120, 44, 371, 374.

"எல்லாருக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கே" என்றான் பிராங்க்ளின்.

"நாளாக ஆக இறங்கும். அது இயற்கை. பத்துக்கு மேல இருக்கிறவரைக்கும் பயமில்லை."

"இந்த ஸ்ரீவத்ஸ் நாப்பத்து நாலு. இருக்கிறதுலயே இவன்தான் கம்மி. எனக்கு இவன் மேல சந்தேகம்."

வத்ஸலா பென்சிலை எடுத்தார். ஆனால் தாளில் எதையும் குறிக்கவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரத்தம் எடுத்தது யாருங்க?"

"பசங்களேதான்." பிரேமலதாவின் முகத்தில் அவ்வளவு பயத்துக்கு நடுவிலும் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. "எங்க காலேஜ் வழக்கம் அது. முதல் ஊசியை நோயாளி மேல வைக்கக் கூடாது. கூடப் படிக்கிறவன் மேலதான் வைக்கணும். அப்பத்தான் வலி தெரியும்னு ஆரம்பிச்சது. ரோல் நம்பர்படி ரெண்டு ரெண்டு பேரா ஜோடி. இவன் அவனுக்கு எடுப்பான், அவன் இவனுக்கு. டியூப்ல பேரும் அவங்களே எழுதிடுவாங்க. பதினொரு வருஷமா எந்த டெஸ்டா இருந்தாலும் அப்படித்தான்."

"இன்னைக்குக் காலையிலயும்?"

"இன்னைக்கும் அப்படித்தான்."

வத்ஸலா எழுந்தார். "பிராங்க்ளின், அந்த இம்யூனோகுளோபுலின் தில்லை நகர்ல யார்கிட்ட இருக்கும்?"

"நாலாவது கிராஸ் ஏஜென்சி. நம்ம ஆளுதான்."

"பிரேமலதா மேடம் அவங்க ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட போன்ல பேசிச் சீட்டு வாங்கித் தருவாங்க. ஒரு டோஸ், ஐஸ் பாக்ஸ்ல வச்சு எடுத்துக்கிட்டு வாங்க."

"யாருக்குன்னே தெரியாமலா மேடம்?"

"ஆள்தான் தெரியலை. நேரம் தெரியுமே."

* * *

காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது. பிராங்க்ளின் வெள்ளைப் பெட்டியைக் குழந்தையைப்போல மடியில் வைத்திருந்தான். நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தொட்டுப் பார்த்தான்.

முதலில் டயாலிசிஸ் வார்டு. மெஷின்கள் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தன. ஏழாம் கட்டில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தனியாக இருந்தது. உள்ளே ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கதவருகே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை.

வார்டு சிஸ்டர் ரஷீதா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வத்ஸலா குரலைத் தாழ்த்தி, "உங்க மேல புகார் எழுத வரலை. ஒரு பிள்ளை தப்பிக்கணும், அவ்வளவுதான்" என்றதும், அவருடைய கண் தரையிலிருந்த மஞ்சள் டப்பாவுக்குப் போனது. பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பா.

"அன்னைக்கு அது வாய்வரைக்கும் நிறைஞ்சிருந்துச்சு மேடம். மாத்தச் சொல்லணும்னு நினைச்சேன். மறந்துட்டேன். நிறைஞ்ச டப்பாவுல ஊசியை அழுத்தித் தள்ளியிருப்பாங்க, உள்ளே இருந்தது குத்தியிருக்கும். அல்லாவே, என்னாலதான்."

"பத்து மணிக்கு யார் உள்ளே போனா?"

"மாஸ்க், கேப், கவுன். எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா பொண்ணுங்க நாலு பேரும் ஒன்பதரைக்கே மருந்து எண்ண என்னோட ஸ்டோருக்கு வந்துட்டாங்க. பசங்கதான் இருந்தாங்க." சற்று யோசித்தார். "அதுலயும் அந்த ஸ்ரீவத்ஸைக் காணோம். ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டிருக்கான், ஆளைக் காணோம்."

வராந்தாவுக்கு வந்ததும் பிராங்க்ளின் வெடித்தான். "சொன்னேன்ல மேடம்? இருக்கிறதுலயே கம்மி நம்பர். டூட்டி பார்த்ததா பொய்க் கையெழுத்து. அவனேதான்."

"அவன் பத்து மணிக்கு எங்கே இருந்தான்?"

"எங்கேயோ வெளியில."

"அப்ப பத்து மணிக்கு ஏழாம் கட்டில் ஊசி அவனுக்கு எப்படிக் குத்தும்? அவன் சொன்ன பொய்யே அவனைக் காப்பாத்துது, பிராங்க்ளின்."

ஸ்ரீவத்ஸைத் தனியே கூப்பிட்டுக் கேட்டபோது அவன் காது சிவந்தது. "அப்பாவுக்கு ஜுரம். வெள்ளிக்கிழமை தாயார் சன்னதி கைங்கர்யத்துக்கு ஆள் இல்லை. நான்தான் போகவேண்டியதாயிடுத்து. மேடத்துக்கிட்ட சொல்லிடாதீங்கோ" என்றான். வத்ஸலாவின் வீடும் அதே கோயிலைச் சுற்றிய தெருவில்தான். "அப்பாவுக்கு இப்ப தேவலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்பினார்.

* * *

பயிற்சிக் கூடத்தில் எட்டுப் பேரும் காத்திருந்தார்கள். வெளிர்நீல அரைக்கைச் சீருடை. மூலையில் பிளாஸ்டிக் கையோடு ஒரு பொம்மை நோயாளி படுத்திருந்தது. பிரின்சிபால் இன்னாசிராஜ் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். "பதினஞ்சு நிமிஷம் தரேன். அதுக்கு மேல வதந்தி பரவும்" என்று, பிரேமலதா போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டபோதே சொல்லியிருந்தார்.

பிராங்க்ளின் இறுக்கத்தைத் தளர்த்த முயன்றான். உயரமான ஒரு மாணவனின் முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தன. "என்ன தம்பி, ஏழு மணிக்கு எடுத்த ரத்தம் மூணு மணிக்குமா வலிக்குது?"

"இல்லை சார். எடுக்க மறந்துட்டேன்" என்றான் அவன்.

"பேரு?"

"வளவன் சார். மண்ணச்சநல்லூர்."

பக்கத்தில் நின்ற குட்டையான பையன் சிரிக்கவில்லை. அவன் பூவரசன். அவன் கண் பிராங்க்ளினின் வெள்ளைப் பெட்டியையே பார்த்தது.

வத்ஸலா எட்டுப் பேருக்கும் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் போலீஸ் இல்லை. யார் பேரையும் இங்க சொல்லப் போறதில்லை. எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன், கேளுங்க. லெட்டர்ல, 'அட்டை உண்மை இல்லை'ன்னு எழுதியிருக்கு. அட்டையில டியூட்டர் கையெழுத்து இருக்கு, லேப் சீல் இருக்கு. அது பொய்ன்னு இன்னொருத்தருக்கு எப்படித் தெரியும்? பொய்யில அவருக்கும் பங்கு இருந்தாத்தான் தெரியும். அதனால இது ஒருத்தர் ரகசியம் இல்லை. ரெண்டு பேரோடது."

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"காலையில ஜோடி ஜோடியா ரத்தம் எடுத்தீங்க. ஒரு சிரிஞ்சுல கூடக் கொஞ்சம் எடுத்து ரெண்டு டியூப்ல ஊத்தினா யாருக்குத் தெரியும்? மேடம் நாலு ஜோடியை ஒரே நேரத்துல பார்க்க முடியாது. ஆனா ரத்தம் சும்மா இருக்காது. அது சொல்லிடும். எனக்குச் சொல்லிடுச்சு."

வத்ஸலா எழுந்து பக்கத்து அறைக் கதவைத் திறந்தார்.

"நான் உள்ளே இருக்கேன். பிரேமலதா மேடம் இருக்காங்க. மருந்தும் இருக்கு. பத்து நிமிஷம். யாரும் யாரையும் தள்ளிக்கிட்டு வர வேண்டாம். தானா நடந்து வரணும்."

உள்ளே போனதும் பிரேமலதா அவர் கையைப் பிடித்தார். "யாருங்க? சொல்லுங்க, நானே போய் இழுத்துட்டு வரேன்."

வத்ஸலா இரண்டு தாள்களையும் மேஜையில் விரித்தார். "இந்த எண்ணைப் பாருங்க. தொள்ளாயிரம் ஒண்ணு, நாப்பது ஒண்ணு. ஒருத்தரோடது ஒருத்தருக்குக் கிட்டக்கூட வராது. எதிர்ப்புச் சக்தி அப்படித்தான், ஆளுக்கு ஆள் வேற. இறங்குற வேகமும் வேற. ஆனா இங்க பாருங்க. நாலு மாசத்துக்கு முன்னாடி வளவன் நானூத்துப் பன்னிரண்டு, பூவரசன் நானூத்தி ஒன்பது. இன்னைக்கு முந்நூத்து எழுபத்தொண்ணு, முந்நூத்து எழுபத்து நாலு. ஒரு தடவைன்னா தற்செயல். ரெண்டு தடவையும், அதுவும் ஒரே ஜோடிக்குள்ள? ஒரே ரத்தத்தை ரெண்டு தடவை அளந்தா இந்த வித்தியாசம்தான் வரும்."

பிரேமலதா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பத்துக்கு மேல இருக்கான்னு மட்டும்தாங்க பார்த்தேன். வேற ஒண்ணையும் பார்க்கலை."

"எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க. தடுப்பூசி போட்டாச்சான்னு ஒரு டிக். பத்துக்கு மேலயான்னு ஒரு டிக்."

"சரி மேடம், ரெண்டு பேர்ல யார் ரத்தம் அது?" பிராங்க்ளின் கேட்டான். "பூவரசன் கொடுத்து வளவன் ஏமாத்தினானா, வளவன் கொடுத்து பூவரசன் ஏமாத்தினானா?"

"அதை நீங்கதான் எனக்குக் காட்டினீங்க. ஊசி குத்தின இடம் அஞ்சு நிமிஷத்துல அடைஞ்சிடும். ஏழு பேர் பஞ்சை எப்பவோ தூக்கிப் போட்டுட்டாங்க. ஒருத்தன் மட்டும் மூணு மணிவரைக்கும் ஏன் ஒட்டி வச்சிருக்கான்? அதுக்கு அடியில ஒண்ணும் இல்லை. அதை மறைக்கத்தான் பஞ்சு."

பிராங்க்ளின் சுவரைப் பார்த்தான். "நான் போய் வலிக்குதான்னு கேட்டேனே."

சுவர்க் கடிகாரத்தில் நிமிடங்கள் போயின. நான்கு. ஆறு. கதவில் நிழல் எதுவும் விழவில்லை. எட்டாவது நிமிடத்தில் காலடிச் சத்தம் கேட்டது. வந்தவன் பூவரசன். தனியாக வந்தான்.

"லெட்டர் எழுதினது நான்தான் மேடம்."

"தெரியும்பா. வளவன் எங்கே?"

"பாத்ரூம் போறேன்னான். காணோம். கேட் வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், கொள்ளிடம் பக்கம் நடந்தானாம்." அவன் உள்ளங்கையில் ஒரு கைபேசி இருந்தது. "இதை மேஜையிலயே வச்சிட்டுப் போயிட்டான்."

பிரேமலதா கைப்பையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினார்.

* * *

ஆட்டோவில் நான்கு பேர். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் மண்ணச்சநல்லூர் சாலை. தாண்டாவிட்டால் ஆறு. அவ்வளவு நேரம் மூடியையே தொட்டுக்கொண்டிருந்த பிராங்க்ளின் இப்போது பெட்டியை மறந்து, வெளியே எட்டி எட்டிப் பார்த்தான். பாலத்தின் கைப்பிடிச் சுவர் கண்ணில் பட்டதும் பூவரசன் கண்ணை மூடிக்கொண்டான்.

வளவன் பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். எதிரில் பழக்கடை வைத்திருந்தவர், "அந்தத் தம்பியா? ரெண்டு பஸ்ஸை விட்டுட்டாப்ல. ஏறவும் இல்லை, போகவும் இல்லை" என்றார்.

வத்ஸலா மட்டும் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றார். அவனைத் தொடவில்லை.

"வீட்டுக்கா?"

"தெரியலை மேடம்."

"குத்தினதைவிட டெஸ்டுக்குத்தான் பயப்படுற. ஏன்?"

அவன் சாலையைப் பார்த்தபடியே பேசினான். லாரிச் சத்தத்தில் பாதி கரைந்தது.

"எங்கப்பா செத்தது இதே வியாதியிலதான். காமாலைன்னு நாட்டு மருந்து கொடுத்தாங்க. செத்ததுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிப் பேப்பரை எடுத்துப் படிச்சேன். அப்ப நான் முதல் வருஷம். அம்மாவுக்கும் இருக்குமோன்னு தோணுச்சு. அம்மாவுக்கு இருந்தா, பிறக்கும்போதே எனக்கும் வந்திருக்கும். உடம்புல அது இருந்தா தடுப்பூசி வேலை செய்யாது. எதிர்ப்புச் சக்தி இல்லைன்னு வந்தா, அடுத்து வைரஸ் இருக்கான்னுதான் பார்ப்பாங்க. இருக்குன்னு வந்துட்டா..." அவன் நிறுத்தினான். "எங்கம்மா ரைஸ் மில்லுல நெல்லு காயப்போட்டு என்னைப் படிக்க வைக்குது மேடம்."

பிரேமலதா பின்னால் வந்து நின்றிருந்தார். "இருந்தா படிப்பு போயிடும்னு உனக்கு யாருடா சொன்னா?"

"யாரும் சொல்லலை மேடம். போகாதுன்னும் யாரும் சொல்லலை."

பிரேமலதா அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "போகாது. நான் சொல்றேன். முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

பூவரசன் அவனிடம் வந்தான். வளவன் அவனை நிமிர்ந்து பார்த்தான். "உங்கம்மா மேல சத்தியம் பண்ணியேடா."

"பேரைச் சொல்ல மாட்டேன்னுதானே பண்ணேன். சொல்லலையே." பூவரசன் மூக்கை உறிஞ்சினான். "எருமை. செல்லை எதுக்குடா வச்சிட்டு வந்த?"

வளவன் முழங்கையிலிருந்த பிளாஸ்திரியை மெல்லப் பிய்த்தான். பஞ்சில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. அடியில் தோலில் ஊசித் தடமே இல்லை.

* * *

இந்த முறை ரத்தத்தை பிரேமலதாவே எடுத்தார். டியூபில் பெயரையும் அவரே எழுதினார். இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிரின்சிபால் இன்னாசிராஜ், அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஜோடி ஜோடியா எடுக்கிறது இன்னையோட நிறுத்தம்" என்றார். பிறகு அவரும் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தரை மணிக்கு ரிப்போர்ட் வந்தது. டாக்டர் படித்தார். வளவனின் ரத்தத்தில் வைரஸ் இல்லை. எதிர்ப்புச் சக்தி நான்கு.

"மூணு டோஸும் போட்டேனே டாக்டர்" என்றான் வளவன்.

"நூத்துல அஞ்சாறு பேருக்கு உடம்பு ஏத்துக்காது. அதைக் கண்டுபிடிக்கத்தான்பா அந்த டெஸ்டே. நீ உன் ரத்தத்தைக் கொடுத்திருந்தா அப்பவே மறுபடி போட்டிருப்போம்."

பிராங்க்ளின் பெட்டியைத் திறந்தான். பனிக்கட்டிக்கு நடுவே மருந்து குளிர்ந்திருந்தது. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இம்யூனோகுளோபுலின் ஒரு கையிலும், புதிய தடுப்பூசி மறு கையிலும் ஏறின. கெடு முடியப் பதினாறு மணி நேரம் இருந்தது.

"இனி பயமில்லையே?" என்று கேட்டான் பூவரசன்.

"ஆறு நாள் லேட்" என்றார் டாக்டர். "மூணாம் மாசமும் ஆறாம் மாசமும் டெஸ்ட் பண்ணணும். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது."

பிரேமலதா போன் செய்து வரச் சொல்லியிருந்த இருசம்மாள் அப்போதுதான் வந்தார். மில்லிலிருந்து நேராக பஸ் ஏறியிருந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் தவிட்டுத் தூசி. மகனுடைய இரண்டு கையிலும் பஞ்சைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. டாக்டர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"இந்தக் கையா, அந்தக் கையா?"

வளவனின் கை பழக்கத்தில் சிரிஞ்சை நோக்கிப் போனது. பிரேமலதா அதை எடுத்துக்கொண்டார்.

"நீ வேண்டாம். நீ அம்மா பக்கத்துல நில்லு."

சின்னப் பிளாஸ்டிக் டெஸ்ட் அட்டையில் அவருடைய ரத்தத்தில் ஒரு சொட்டு ஊற்றினார்கள். இருபது நிமிடம் என்றார்கள். முதல் கோடு உடனே வந்தது. அது எல்லோருக்கும் வரும். இரண்டாவது கோடு வந்தால் வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் வெறுமையாக இருந்தது. பிராங்க்ளின் அதையே பார்த்தான். வளவன் சுவரைப் பார்த்தான். பன்னிரண்டாம் நிமிடத்தில் இரண்டாவது கோடு, மங்கலாகத் தொடங்கி, மெல்ல மெல்லச் சிவந்தது.

இருசம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"வந்திருச்சா?" என்றார் இருசம்மாள்.

"வந்திருக்குங்க" என்றார் வத்ஸலா.

"அவனுக்கு?"

"அவனுக்கு இல்லைங்க. பார்த்தாச்சு."

இருசம்மாள் தலையாட்டினார். முந்தானையால் முகத்துத் தவிட்டைத் துடைத்தார்.

"எனக்கு மருந்து இருக்கா?"

"இருக்கும்மா. இன்னும் ஒரு ரத்த டெஸ்ட் பார்த்துட்டு எப்ப ஆரம்பிக்கிறதுன்னு சொல்றேன்" என்றார் டாக்டர். "தெரியாமலே விட்டிருந்தாத்தான் கஷ்டம்."

"அப்ப அந்த டெஸ்டையும் எடுங்க. ஏழரைக்கு பஸ்ஸு" என்றார் இருசம்மாள். மறுகையை நீட்டினார்.

மகன்தான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான்.